சேவல் முந்திக்கொண்டது

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இரக்கம் அதைவிடச் சட்டென்று வரும். இரண்டில் எது அதிகம் கெடுக்கும் என்று போன வருஷம் கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன். இப்போது கேட்டால் பேந்தப் பேந்த முழிப்பேன். ஒரு அக்காவின் வேலையைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று நான் எழுதிய ஒரே ஒரு வரிதான் காரணம்.

எங்கள் ஆபீஸ் டெல்லி ஓக்லாவில் ஒரு பழைய தொழிற்பேட்டைக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. கீழே அச்சகம், நடுவில் பை தைக்கிற கம்பெனி, அதற்கு மேலே சாஃப்ட்வேர் எழுதுகிற நாங்கள் இருபது சொச்சம் பேர். நான் முனிர்காவில் ஒரு அறையில் இருந்துகொண்டு மெட்ரோவில் வந்து போவேன். சீக்கிரம் வருவதெல்லாம் நமக்கு ஆகாத காரியம். பத்தரைக்கு உள்ளே நுழைந்தால் அன்றைக்கு நான் ரொம்பப் பொறுப்பான ஆள்.

ஆனால் மாடியை எட்டரைக்குள் திறந்துவிட வேண்டும். திறப்பது, கூட்டித் துடைப்பது, தண்ணீர் நிரப்புவது எல்லாம் ஹவுஸ்கீப்பிங் அக்காவின் வேலை. சாவி அவரிடம்தான். வாசல் காவலாளியே ஒன்பது மணிக்குத்தான் வருவார். அக்கா விழுப்புரம் பக்கம். கல்யாணமாகி டெல்லி வந்த நாளிலிருந்து ஜங்புராவில், தமிழர்கள் குடிசை போட்டு வாழ்ந்த மதராசி கேம்பில்தான் குடித்தனம். ஆபீஸில் என்னோடு தமிழ் பேசுகிற ஒரே ஜீவன் அவர். என் மேனேஜரும் தமிழர்தான், ஆனால் கரோல் பாகில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழில் முக்கால்வாசி இந்தி, மிச்சம் 'நண்பா' என்கிற அர்த்தத்தில் வரும் இந்தி 'யார்'.

அக்காவை வேலைக்கு அனுப்பிய காண்ட்ராக்ட் கம்பெனியின் சூப்பர்வைசர் வேறு கட்டடத்தில் உட்கார்ந்திருப்பார். கதவு திறந்ததும் கடிகாரத்தோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அக்காவிடம் இருந்ததோ பட்டன் போன். தினமும் கீழே அச்சகத்து ஆள் வரும்வரை காத்திருந்து, அவரிடம் போன் கடன் கேட்டு, போட்டோ போவதற்குள் மணி ஒன்பதாகிவிடும். திறந்தது எட்டு மணிக்கு. ஆனால் சூப்பர்வைசர் கணக்கில் லேட். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோபத்தில்தான் 'கூவு' பிறந்தது. எங்கள் டீம் பேசிக்கொள்ளும் சாட்டில் சேனல் சேனலாக அறைகள் உண்டு. அதில் மனுஷர் யாரும் தட்டாமல் ஒரு பாட் பேசவேண்டும் என்றால் அதற்கு ஒரு சின்னக் கருவி வேண்டும். ஒரே மத்தியானத்தில் எழுதினேன். டெர்மினலின் கறுப்புத் திரையில் கூவு என்று அடித்து, எந்தச் சேனல், என்ன செய்தி என்று சொல்லி என்டர் தட்டினால் போதும், அந்தச் சேனலில் செய்தி போய் விழும். அனுப்புகிற பாட்டுக்கு ஒரு சேவல் படம் வைத்தேன். மேனேஜர் பார்த்துவிட்டு "முர்கா நல்லா இருக்கு யார்" என்றார். இந்தியில் சேவலுக்கு முர்கா.

ரிசப்ஷனில் யாரும் தொடாமல் கிடந்த ஒரு பழைய லேப்டாப்பில் அதைப் போட்டேன். அக்கா எதையும் அடிக்க வேண்டாம். கதவைத் திறந்ததும் என்டரை ஒருதரம் தட்டினால் "குட் மார்னிங், மாடி திறந்தாச்சு" என்று நேரத்தோடு சேவல் கூவும். சூப்பர்வைசரையும் அந்தச் சேனலில் சேர்த்தேன், போட்டோவுக்குப் பதில் இதுவே போதும் என்று ஒப்புக்கொண்டார். எது என்டர் என்று மறந்துவிடாமல் இருக்க, அக்கா தன் நெற்றியிலிருந்த மெரூன் கலர் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்தக் கீயின் மேல் ஒட்டிவிட்டார். லேப்டாப்புக்கு என் ப்ரோக்ராமில் 'பொட்டு' என்றே பேர் வைத்தேன்.

முதல் வாரம் ஒரே கூத்து. போயிற்றா போகவில்லையா என்று அக்காவுக்குச் சந்தேகம். நாலு தரம், அஞ்சு தரம் தட்டிவிடுவார். சேனலில் சேவல் அஞ்சு தடவை கூவும். எல்லோரும் சிரித்தார்கள். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து அதற்கும் ஒரு வழி செய்தேன். ஒரு நாளைக்கு ஒரு கூவல்தான் வெளியே போகும். அப்புறம் எத்தனை தரம் தட்டினாலும் கருவி அதை விழுங்கிவிடும். ஆனால் திரையில் மட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் பச்சை டிக் வரும். அக்காவுக்கு நிம்மதி. எனக்கு என் மேலேயே பெருமை.

போன கோடையில் மதராசி கேம்பை இடித்தார்கள். வீடு கிடைத்தவர்களும் உண்டு, கிடைக்காதவர்களும் உண்டு. அக்காவுக்கு நரேலாவில் ஒரு ஃப்ளாட் கிடைத்தது. நரேலா எங்கே, ஓக்லா எங்கே! ஊரின் வடகோடியிலிருந்து தென்கோடிக்கு வரவேண்டும். பெண்களுக்கு பஸ் இலவசம் என்பதால் மெட்ரோ பக்கம் போகமாட்டார். பிங்க் டிக்கெட்டில் மூன்று பஸ் மாறி வருவார். "எப்படி வந்து சேரப்போறேனோ தெரியல பாப்பா" என்று அவர் சொன்னபோது பேன்ட்ரியில் கழுவிய கப்பை மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

அந்த முதல் வாரத்தில் சேவல் ஒரு நாள் 8:41க்குக் கூவியது. இன்னொரு நாள் 8:52. சூப்பர்வைசர் சேனலிலேயே எழுதினார், எல்லோரும் பார்க்கும்படி. இரண்டு தடவை ஆயிற்று, மாதத்தில் மூன்றாவது தடவை எட்டரை தாண்டினால் வேறு ஆள் வரும். அதற்குக் கீழே யாரோ கட்டைவிரல் படம் வேறு போட்டிருந்தார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்த வீட்டை இழந்துவிட்டு வந்து நிற்கிற மனுஷிக்கு இருபது நிமிஷம் விட்டுக்கொடுக்க மாட்டார்களாமா? நாங்கள் பத்தரைக்கு வருகிறோம், எங்களை யார் கேட்டார்கள்? பத்தே நிமிஷத்தில் சர்வரில் ஒரு வரியைச் சேர்த்தேன். வேலை நாட்களில் காலை 8:05க்கும் 8:20க்கும் நடுவில் ஏதாவது ஒரு நிமிஷத்தில் கூவு தானாகவே ஓடும். தினமும் ஒரே நிமிஷமாக இருந்தால் சந்தேகம் வருமே என்று நிமிஷத்தை மாற்றி மாற்றிப் போட்டேன். அதை எழுதி முடித்ததும் என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறை.

அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார், இல்லாவிட்டால் யாரிடமாவது வாய் தவறி உளறிவிடுவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு யோசித்தால், சொல்லாமல் செய்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்றுதான் தோன்றுகிறது.

அப்புறம் ஏழு வாரம். சேவல் ஒரு நாள் தவறவில்லை. சூப்பர்வைசர் வாயே திறக்கவில்லை. "இப்பல்லாம் அந்தாளு ஒண்ணும் சொல்றதில்ல பாப்பா" என்று அக்கா சந்தோஷமாகச் சொன்னபோது நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். மத்தியானம் பேன்ட்ரி ஸ்டூலில் சுவரில் சாய்ந்தபடி அவர் தூங்கிப்போவதைப் பார்ப்பேன். பாவம், ஒன்பதரைக்கு ஓடி வந்து மூச்சு வாங்க வேலை முடித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் அவர் ஏதோ பஸ்ஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். என் காதில் ஹெட்போன், எதிரே ஒரு மீட்டிங். "அச்சா அக்கா, அச்சா" என்று தலையாட்டிவிட்டேன்.

ஆகஸ்டில், மழை கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை. முனிர்காவில் பல் துலக்கிக்கொண்டே போனைப் பார்த்தால் சேனலில் அறுபது செய்தி! அவ்வளவு காலையில் எங்கள் டீமில் இரண்டு பேர் எழுந்திருப்பதே அதிசயம். மேலே போய் முதலிலிருந்து படித்தேன்.

நடந்தது இதுதான். புது வீட்டுக்கு மின்சார மீட்டர் பேப்பர் கொடுக்கப் போகவேண்டும் என்று அக்கா இரண்டு நாள் முன்பே சூப்பர்வைசரிடம் லீவு சொல்லி, முந்தின நாள் சாயங்காலம் சாவியையும் கொடுத்துவிட்டிருக்கிறார். சூப்பர்வைசர் மாற்று ஆளாக ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு தானே மாடி ஏறி வந்திருக்கிறார். பூட்டிய கதவுக்கு முன்னால், கையில் சாவியோடு நிற்கிறார். அப்போது அவர் போன் ஒலிக்கிறது. 8:13. "குட் மார்னிங், மாடி திறந்தாச்சு."

பூட்டைப் போட்டோ எடுத்து சேனலில் போட்டிருந்தார். அதற்கு மேலே என் சேவல் கொண்டையை ஆட்டிக்கொண்டு நிற்கிறது.

"முர்கா தானே தர்வாஸாவைத் திறந்ததா?" என்று மேனேஜர் கேட்டிருந்தார். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒருத்தர். சர்வரில் எவனோ புகுந்துவிட்டான், உடனே பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள் என்று இன்னொருத்தர். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வரி என் நினைவிலேயே இல்லை. தானாக ஓடுகிற ஒன்றை ஏழு வாரம் கழித்து யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? அக்கா சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அப்படியானால் பொட்டைத் தட்டியது யார்? பேய் பிசாசா? "வந்து பார்க்கிறேன், யாரும் எதையும் தொடாதீர்கள்" என்று பெரிய துப்பறியும் புலி மாதிரி எழுதிவிட்டு மெட்ரோவுக்கு ஓடினேன்.

வந்து உட்கார்ந்து கூவுவின் லாகைத் திறந்தேன். யார் தட்டினாலும், வெளியே போனாலும் போகாவிட்டாலும், ஒவ்வொரு தட்டும் நேரத்தோடு அதில் ஒரு வரியாகப் பதியும். கடைசி வரியில் 8:13 என்றும் அதற்குப் பக்கத்தில் என் பேரும் இருந்தது. என் சர்வர், என் வரி.

நான் தேடிவந்த திருடன் நானேதான். சரி, முதலில் மூச்சு விடு என்று சொல்லிக்கொண்டு பக்கத்தை மேலே தள்ளினேன். அங்கேதான் தலை சுற்ற ஆரம்பித்தது. ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு வரி இருந்தது. 8:11, சர்வர், போயிற்று. 8:22, பொட்டு, ஏற்கெனவே போயிற்று, விட்டுவிடு. மறுநாள் 8:07, சர்வர், போயிற்று. 8:25, பொட்டு, விட்டுவிடு. அதற்கு மறுநாள் பொட்டு 8:21. அப்புறம் 8:26. ஒரு நாள் 8:29.

லேப்டாப்பின் கடிகாரம் கெட்டுவிட்டதோ என்று போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் ஓடியது. திரும்பி வந்து முதலிலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். நான் அந்த வரியைச் சேர்த்த நாளுக்கு அப்புறம் அக்கா ஒரு நாள்கூட எட்டரையைத் தாண்டவில்லை. ஒரு நாள்கூட. நரேலாவிலிருந்து, மூன்று பஸ் மாறி. எட்டு இருபதுக்கு மேல் வந்து, எட்டரைக்குள் பொட்டைத் தட்டியிருக்கிறார். அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் என் சேவல் பொய்யாகக் கூவிவிட்டு, அவருடைய நிஜத்தை விழுங்கியிருக்கிறது.

முட்டாளே, முட்டாளே என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்து சீட்டில் இருந்தவன் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தான்.

ஆனாலும் அப்போது எனக்கு ஒரு தைரியம் இருந்தது. லாக் இருக்கிறதே! அதைக் காட்டினால் அக்கா எத்தனை ஒழுங்கு என்று தெரிந்துவிடும், திட்டு எனக்கு விழுந்தால் விழட்டும். மேனேஜர் அறைக்குப் போனேன். சூப்பர்வைசர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். என் லேப்டாப்பைத் திருப்பி வரிசை வரிசையாகக் காட்டினேன்.

சூப்பர்வைசர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். ரொம்ப மரியாதையாக இந்தியில் கேட்டார்.

"மேடம், இந்த ஃபைலை எழுதியது யார்?"

"கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டரை எழுதச் சொன்னது?"

"நான்."

"முர்காவைப் பொய் சொல்லச் சொன்னது?"

நான் லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"அதுவும் நீங்கள்தானே. அப்படியென்றால் இதையும் காலையில் நீங்களே எழுதியிருக்க மாட்டீர்கள் என்று நான் எப்படி நம்புவது?" என்றார். பிறகு மேனேஜரைப் பார்த்து, "இரண்டு பேரும் மதராசி சார். தங்களுக்குள் பேசிக்கொண்டு செய்திருக்கிறார்கள்" என்றார்.

அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரும் மதராசிதான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் உன்னை நம்பறேன் யார். ஆனா ப்ரூஃப் நஹி ஹை. அந்தக் காண்ட்ராக்ட் அவரோடது, நான் என்ன சொல்ல?"

முதல் வேலையாக சர்வரிலிருந்த அந்த வரியை அழித்தேன். ஆனாலும் நான் விடவில்லை. காவலாளியைக் கேட்டேன், அவர் ஒன்பதுக்குத்தான் வருகிறார். அச்சகத்தில் கேட்டேன், அவர்களும் அப்போதுதான் திறக்கிறார்கள். மெட்ரோ கார்டாவது இருந்தால் எங்கே, எப்போது ஏறினார் என்று காட்டலாம், அக்கா வருவதோ பஸ்ஸில். அவர் எட்டு இருபதுக்கு வந்ததற்கு டெல்லியில் இருந்த ஒரே சாட்சி நான் எழுதிய கருவி. அதன் வாக்கைக் கெடுத்து வைத்தவளும் நான்தான். அந்த வரியைச் சேர்க்காமல் விட்டிருந்தாலே போதும், ஏழு வாரமும் அக்காவின் நேரம் அவர் பேரிலேயே சேனலில் கல்வெட்டு மாதிரி நின்றிருக்கும். ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாமே என்று அன்றைக்கு நூறு தடவை நினைத்தேன்.

சனிக்கிழமையோடு அக்கா வரவேண்டாம் என்று சாயங்காலமே போனில் சொல்லிவிட்டார்களாம். எனக்கு ஒரு மெயில் வந்தது. இனிமேல் இப்படிச் செய்யக்கூடாது என்று இரண்டு வரி. வேறு ஒன்றும் இல்லை. என் சீட், என் நாற்காலி, என் சம்பளம் எல்லாம் அப்படியே இருந்தது. அதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது, உடனே என்மேல் அருவருப்பாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வரும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மறுநாள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எட்டு மணிக்கு ஆபீஸ் படியில் போய் உட்கார்ந்தேன். எட்டு இருபது இருக்கும், கீழே படியில் செருப்புச் சத்தம். அக்கா நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே ஏறி வந்தார்.

"என்ன பாப்பா, இவ்ளோ காலங்காத்தால? ஒடம்பு சரியில்லையா?"

வருகிற வழியில் சூப்பர்வைசரின் கட்டடத்துக் காவலாளியிடம் திரும்ப வாங்கி வந்த சாவியால் கதவைத் திறந்தார். பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே ரிசப்ஷனுக்குப் போய்ப் பொட்டின் மேல் விரலை வைத்து அமுக்கினார். பச்சை டிக் வரும்வரை திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். என் பாவாடைப் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. 8:21. ஏழு வாரத்தில் அக்காவின் பேரில் வெளியே போன முதல் கூவல் அது.

"நேத்து நான் லீவுல இருக்கசொல்ல எவளோ வந்து இத அமுக்கிட்டாளாம் பாப்பா. நான்தான் ஆள் வச்சு அமுக்கச் சொன்னேன்னு அந்தாளு போன்ல சொல்றான். எனக்கு ஒண்ணுமே புரியல. நீ கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு, யாருன்னு கண்டுபுடிச்சுக் குடு. நான் அந்தாளுகிட்ட பேசிக்கிறேன்."

"நான்தான்க்கா" என்றேன்.

சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அக்கா கையில் பையோடு அப்படியே நின்று கேட்டார்.

"நான் லேட்டாத்தான் வருவேன்னு நீயா நெனச்சிக்கினியா?"

"ஆமாக்கா."

"நாலு மணிக்கே எழுந்திரிச்சு, அஞ்சு மணி பஸ்ஸ புடிக்கிறேன்னு உங்கிட்டதான சொன்னேன்."

அந்த ஹெட்போன் நாள். நான் 'அச்சா அச்சா' சொன்ன நாள். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, லேப்டாப்பைப் பார்த்தேன்.

அக்கா பையை இறக்கி வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப இத்தினி நாளா நான் அமுக்குனது எதுவும் போவலையா பாப்பா?"

"போகலக்கா."

அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். டிக் இன்னும் அங்கேயே இருந்தது.

"பச்சையா காட்டிச்சே" என்றார்.